இருளை வேண்டும் மலர்ச்செடி

பூத்த நிலையில் வாங்கப்பட்டு வீடு வந்து சேரும் செடிகளுள் கலங்கோயே என்பது மிகவும் அடக்கமான ஒன்று. கலஞ்சோ என்றும் சிலர் அதனை உச்சரிப்பர். ஒரு சாண் அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட உயரம். விளிம்பிலே சிறு சிறு வளைவுகள் கொண்ட, மெழுகு பூசினாற்போன்ற தடித்த பச்சை இலைகள். அவற்றின் மேலே கொத்துக் கொத்தாக நான்கிதழ்ச் சிறு மலர்கள். செம்மை, மஞ்சள், செம்மஞ்சள், இளஞ்சிவப்பு, வெண்மை எனப் பல நிறங்களில் இது இன்று கிடைக்கின்றது. மலர்ந்த கொத்துகள் ஒரு மாதத்துக்கு மேலாக வாடாது நிற்பதும், யன்னலோரத்து அரையடி இடமே இதற்குப் போதுமானதாக இருப்பதும், தோட்டமில்லாத வீடுகளில் வாழ்வோர் இதனை விரும்புவதற்குக் காரணங்களாகும்.

ஆயின், இச்செடியைப் பற்றிய மனக்குறையும் பெரும்பாலான வீடுகளில் ஒன்றே. முதன்முறை பூத்த மலர்கள் காய்ந்து உதிர்ந்தபின் அது மீண்டும் பூப்பதில்லை. இலைகள் செழிக்கின்றன, தண்டு நீள்கின்றது, ஓராண்டு சென்று ஈராண்டு வந்தாலும் அரும்பு மட்டும் தோன்றுவதில்லை. மண் சரியில்லை என்பர் சிலர். பசளை போதவில்லை என்பர் வேறு சிலர். கைராசியைக் குறை கூறுவாரும் உளர். பூக்கட்டும் என்று கருதி நாள்தோறும் நீர் வார்க்க, வேர் அழுகிச் செடி சாய்ந்துவிடுகின்றது. நீரும் பசளையும் குறையின்றிப் பெற்ற அச்செடிக்குக் குறைவாக இருந்தது இரவு. இரவு எவ்வாறு ஒரு செடிக்குக் குறையக்கூடும் என்பதை அறிந்துகொண்டால், இதனை ஆண்டுதோறும் பூக்கச் செய்தல் கடினமான காரியமன்று.

கலங்கோயேயின் தாயகம் இந்து சமுத்திரத்தின் மறுபுறத்திலுள்ள மடகாஸ்கர்த் தீவு. அத்தீவின் வடபகுதியில் சரத்தானானா என்னும் மலைத்தொகுதி உண்டு. அதன் உச்சி 2800 மீற்றருக்கும் மேற்பட்டது. அம்மலைப் பிரதேசத்துக் குளிர்ந்த சரிவுகளே இச்செடி இயற்கையாக வளரும் இடம். பிரெஞ்சுத் தாவரவியலாளரான பெரியே தெ லா பாத்தி என்பவர் அங்கிருந்து இதனைச் சேகரித்தார். பின்னர் ஜெர்மனியின் பொட்ஸ்டாம் நகரில் நாற்றுப் பண்ணை நடத்திய ரொபேட் புளொஸ்பெல்ட் 1932ஆம் ஆண்டில் இதனை ஐரோப்பியச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1934இல் தாவரவியலாளர் பொயெல்னிட்ஸ் இதற்கு அறிவியற் பெயர் சூட்டியபோது, அப்பெயரிலே புளொஸ்பெல்டின் பெயரும் சேர்ந்துகொண்டது. இன்று டென்மார்க், நெதர்லாந்து முதலிய நாடுகளில் இது பெருந்தொகையாக வளர்க்கப்படுகின்றது. மலையில் செந்நிறமாக மட்டும் பூத்த செடி பல நிறங்களைப் பெற்றது பிற இனங்களோடு கலந்து உருவாக்கப்பட்டமையாலாகும்.

இச்செடியின் இலைகள் தடித்திருப்பது வெறும் அழகுக்காக அன்று. அவை நீரைச் சேமித்து வைக்கும் களஞ்சியங்கள். அத்துடன் அந்நீரைச் சிக்கனமாகச் செலவிடும் ஒரு முறையும் அவ்விலைகளுக்குள் அமைந்துள்ளது. தாவரங்கள் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உள்வாங்கிச் சூரிய ஒளியின் துணைகொண்டு உணவு தயாரிக்கின்றன. அவ்வாயு உட்செல்வதற்கு இலைகளில் இலைவாய்கள் எனப்படும் நுண்துளைகள் உள்ளன. பெரும்பாலான செடிகள் அத்துளைகளைப் பகலில் திறந்து வைக்கின்றன. அப்போது வாயு உள்ளே வரும் அதே வழியாக நீராவி வெளியே போய்விடுகின்றது. கலங்கோயே போன்றவையோ வெயிற்பொழுதில் வாயிலை அடைத்துக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறக்கின்றன. இரவில் பெற்ற காபனீரொட்சைட்டை மலிக் அமிலமாக மாற்றி இலைக்குள் சேமித்து வைத்து, விடிந்தபின் அவ்வமிலத்தைச் சிதைத்து, வெளிவரும் வாயுவைக் கொண்டு உணவாக்கிக்கொள்கின்றன.

இவ்விந்தையின் சுவட்டை ஒருவர் தமது நாவினாலேயே கண்டறிந்தார் என்பது சுவையான செய்தி. ஜெர்மனியிலே பிறந்து, மொரேவிய சபையினருடன் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பனியின் தாவரவியலாளராகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் என்பவரே அவர். தமிழர் ரணகள்ளி என வழங்கும் செடி கலங்கோயேயின் நெருங்கிய உறவு. இலையைக் கிள்ளிப் போட்டால் அதன் விளிம்பிலிருந்தே குட்டி போடுவது. அதன் இலையை ஹெய்ன் வெவ்வேறு வேளைகளில் சுவைத்துப் பார்த்தார். காலையில் அது நன்கு புளித்தது, நண்பகலில் சுவையற்றிருந்தது, மாலையில் சற்றே கசந்தது. இதனை அவர் கடிதமூலம் அறிவிக்க, 1815இல் அது லின்னேயச் சங்கத்தின் வெளியீட்டில் இடம்பெற்றது. இரவெல்லாம் சேர்ந்த அமிலம் பகலில் செலவாகிவிடுகின்றது என்பதையே அச்சுவை மாற்றம் காட்டியது. இவ்வகைச் செடிகளில் நச்சுப் பொருள்கள் உண்டென இன்று அறியப்பட்டிருப்பதால், அவர் செய்த பரிசோதனையை வீட்டில் எவரும் செய்து பார்த்தல் ஆகாது.

நீரைச் சேமிக்கவும் சிக்கனமாகச் செலவிடவும் வல்ல செடிக்கு நாள்தோறும் நீர் வார்ப்பது, உண்டு முடித்தவனுக்கு மேலும் மேலும் சோறு படைப்பதை ஒக்கும். வீட்டில் வளரும் கலங்கோயேக்கள் பட்டுப்போவதற்குத் தலையாய காரணம் மிகுதியான நீரே. மேல்மண்ணில் விரலை ஓர் அங்குல ஆழத்துக்குச் செலுத்திப் பார்க்கும்போது ஈரம் தட்டுப்படாவிட்டால் மட்டுமே நீர் தேவை. பூச்சாடியைக் கையில் தூக்கிப் பார்ப்பதும் நல்ல முறை. ஈரமுள்ள சாடியின் கனமும் உலர்ந்த சாடியின் கனமும் சில நாட்களில் கைக்குப் பழகிவிடும். நீர் வார்க்கும்போது அடித்துளை வழியாக வழியும்வரை வார்த்து, கீழே தட்டில் தேங்கிய நீரைக் கால் மணித்தியாலத்துக்குள் கொட்டிவிட வேண்டும். இலைகளின்மேலும் மலர்களின்மேலும் தெளிக்காது மண்ணிலே வார்த்தல் நன்று. கொழும்பு போன்ற ஈரலிப்பான கரையோரங்களில் மழைக்காலத்தில் பத்து நாட்களுக்கு ஒருமுறைகூடத் தேவைப்படாதிருக்கலாம். யாழ்ப்பாணத்தில் சோளகக் காற்று வீசும் மாதங்களில் வாரத்துக்கு இருமுறை தேவைப்படலாம். ஆகவே கிழமையைப் பார்த்து நீர் வார்ப்பதிலும் மண்ணைப் பார்த்து வார்ப்பதே சிறந்தது. இலை மெலிந்து சுருங்கினால் நீர் குறைவு. இலை மஞ்சளித்துக் கண்ணாடிபோல் மிருதுவானால் நீர் அதிகம். முன்னது ஒருமுறை நீர் வார்க்கத் தீரும். பின்னது பெரும்பாலும் தீராது.

சாடி மண்ணாற் செய்ததாக இருத்தல் விரும்பத்தக்கது. அதன் சுவர் வழியாக ஈரம் கசிந்து உலர்வதால் வேர்கள் மூச்சுவிட வசதி ஏற்படும். எத்தகைய சாடியாயினும் அடியில் துளை இருத்தல் இன்றியமையாதது. நான்கு அல்லது ஐந்து அங்குல வாயுள்ள சாடி இச்சிறு செடிக்குப் போதும். பெரிய சாடியில் வேர் எட்டாத மண் நெடுநாள் ஈரமாகவே கிடக்கும். தோட்டத்து மண், பருமணல், நன்கு மக்கிய கூட்டெரு ஆகிய மூன்றையும் சம பங்காகக் கலந்து, சிறிது செங்கற்றூளையும் சேர்த்துக்கொள்ளலாம். தும்புத்தூள் நீரைத் தேக்கி வைப்பதாகையால் அதனை மிகுதியாகச் சேர்த்தல் தகாது. பசளையை, செடி வளரும் காலத்தில் மாதத்துக்கு ஒருமுறை, வழக்கமான அளவிற் பாதியாக நீர்த்து இட்டாற் போதும். நைதரசன் மிகுந்த பசளை இலையைப் பெருக்குமேயன்றி மலரைத் தராது.

வைக்கும் இடத்தைப் பொறுத்தவரை, காலை வெயில் படும் கிழக்கு யன்னல் மிகப் பொருத்தமானது. இளவெயிலிலே தண்டு குறுகிச் செடி கட்டாக வளரும். ஒளி குறைந்த மூலையில் வைத்தால் தண்டு மெலிந்து, யன்னலை நோக்கி நீண்டு சாயும். நண்பகல் வெயில் கண்ணாடி வழியாக நேரே தாக்குமிடத்தில் இலை விளிம்பு சிவந்து கருகக்கூடும். மலைநாட்டில் இதற்கு ஏற்ற தட்பவெப்பம் உண்டு. எனினும் நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் உறைபனி படியும் இரவுகளில் செடியை யன்னற் கண்ணாடியிலிருந்து விலக்கி உள்ளே வைப்பது நன்று. சதைப்பற்றுள்ள இலைகள் உறைபனியைத் தாங்கா.

இத்தனையும் செவ்வனே செய்த பின்னரும் செடி பூக்காதிருக்கலாம். அங்கேதான் இரவின் கதை தொடங்குகின்றது.

அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த கார்னர், அலார்ட் என்னும் இருவர், கோடையில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தும் பூக்காத ஒருவகைப் புகையிலை, குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் சிறிதாயிருக்கும்போதே பூப்பதைக் கண்டனர். வெப்பமா, ஈரமா, மண்ணா என ஒவ்வொன்றாக ஆராய்ந்து விலக்கிய பின், கோடைப் பகலின் ஒரு பகுதியைக் குறைப்பதற்காகச் செடிகளை ஓர் இருட்டறைக்குள் வைத்துப் பார்த்தனர். செடிகள் பூத்தன. பகற்பொழுதின் நீளமே பூக்கும் காலத்தை நிர்ணயிக்கின்றது என்ற அவர்களது முடிவு 1920இல் வெளியாயிற்று. 1938இல் ஹாம்னர், பொனர் என்னும் இருவர் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். செடி உண்மையில் அளப்பது பகலை அன்று, இடையறாத இருளையே என்பதை அவர்கள் காட்டினர். நெடிய இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கேற்றினாற்கூட, அவ்விரவைச் செடி இரண்டு குறுகிய இரவுகளாகக் கொண்டுவிடுகின்றது.

கலங்கோயேயும் இவ்வாறு நெடிய இரவிற் பூக்கும் இனத்தைச் சேர்ந்ததே. ஜெர்மனியின் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் றிச்சாட் ஹார்டர் என்பவர் 1940களில் இதனையே தமது ஆராய்ச்சிச் செடியாகக் கொண்டார். ஒரேயோர் இலைக்கு மட்டும் நெடிய இருளைக் கொடுத்தபோதுகூட, அவ்விலை இருந்த பக்கத்திலே மலர்கள் தோன்றின. இருளை உணர்வது இலை. செய்தி அங்கிருந்து தண்டின் நுனிக்குச் செல்கின்றது. முன்னர் கூறிய இரவு மூச்சும் இதனோடு தொடர்புடையது. கலங்கோயே அம்முறையை எப்போதும் ஒரே அளவிற் கையாள்வதில்லை. இரவுகள் நீளும்போதும் வறட்சி வரும்போதும் அது வலுப்பெறுகின்றது. மூச்சுக்கும் மலருக்கும் ஒருங்கே இரவின் அளவு இச்செடிக்கு ஒரு நாட்காட்டியாக அமைந்துள்ளது.

இனி இலங்கையின் நிலையை நோக்கலாம். இலண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறு மணித்தியாலங்களுக்கும் மேலானது. டிசெம்பர் மாதப் பகலோ எட்டு மணித்தியாலங்களுக்கும் குறைவானது. அங்கே குளிர்காலம் வந்ததும் இருள் தானாகவே நீள்கின்றது. பூமத்தியரேகைக்கு அண்மையிலுள்ள இலங்கையில் அவ்வாறன்று. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்குமிடையே கொழும்பில் ஏறத்தாழ முக்கால் மணித்தியாலமும், யாழ்ப்பாணத்தில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலுமே வேறுபாடு உண்டு. பகல் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குக் குறையும் மாதங்களில், விளக்கொளி படாத விறாந்தையில் நிற்கும் கலங்கோயே தானாகவே அரும்பக் கூடும். வீட்டினுள்ளே நிற்பதோ, மாலை ஆறு மணிக்கு மின்குமிழ் எரியத் தொடங்கி, இரவு பத்து அல்லது பதினொரு மணி வரை பிள்ளைகளின் படிப்புக்கும் பெரியோரின் உரையாடலுக்கும் உரிய ஒளியில் நிற்கின்றது. அச்செடியின் கணக்கிலே அவ்வீட்டில் இரவு என்பது ஏழு மணித்தியாலமே. ஆண்டு முழுவதும் கோடையிலே இருப்பதாக அது கருதிக்கொண்டு இலைகளை மட்டும் விடுகின்றது. மேலை நாட்டு நூல்களைப் பார்த்து வளர்ப்போர் இவ்விடத்திலேயே ஏமாற்றமடைகின்றனர். அங்கே இயற்கை செய்து கொடுப்பதை இங்கே மனிதர் செய்து கொடுக்க வேண்டியுள்ளது.

செய்யும் முறை எளிது. செடியை நன்கு மூடக்கூடிய ஒரு மட்டைப் பெட்டி வேண்டும். அதன் பொருத்துகள் வழியே ஒளி நுழையாதபடி மேலே தடித்த கறுப்புத் துணியைப் போர்த்தலாம். மாலை ஆறு மணிக்குப் பெட்டியைக் கவிழ்த்து, மறுநாட் காலை எட்டு மணிக்கு எடுத்துவிட வேண்டும். இதனால் பதினான்கு மணித்தியாலம் இடையறாத இருள் கிடைக்கும். பெட்டி இல்லையெனில், இரவில் எவரும் திறக்காத அலுமாரியும் உதவும். பிளாத்திக்கு உறைகள் காற்றைத் தடுத்து வெப்பத்தை ஏற்றுவதால் ஏற்றவையல்ல. பகலிலே செடி வழக்கமான யன்னலொளியில் நிற்க வேண்டும். உணவு தயாரிக்கும் வேலை அப்போதே நடைபெறும். இவ்வாறு ஆறு வாரம் ஒருநாளும் தவறாது செய்து வந்தால், தண்டின் நுனியில் கடுகளவு அரும்புகள் தென்படும். அதன்பின் மூட வேண்டியதில்லை. அரும்பு விரிந்து முழுக்கொத்தாக மலர மேலும் ஆறு வாரங்களளவு செல்லும்.

இக்காலத்தில் கவனிக்க வேண்டியது தொடர்ச்சியே. அரும்பு வந்துவிட்டதா என்று அறியும் ஆவலில், இரவிலே பெட்டியைத் தூக்கி மின்சூள் அடித்துப் பார்ப்பது கூடாது. பார்க்க விரும்புவோர் காலை எட்டு மணிவரை பொறுத்திருத்தல் வேண்டும். மற்றொன்று வெப்பம். இரவிலும் புழுக்கம் மிகுந்த அறையில் அரும்புகள் தாமதமாகவே தோன்றும். ஆகவே வீட்டின் குளிர்ந்த பகுதியில் பெட்டியை வைத்தல் நன்று. ஐப்பசி பிறக்கும்போது தொடங்கினால், கார்த்திகை நடுவளவில் ஆறு வாரம் நிறைவுறும். தைப்பொங்கலன்று வாசலில் வைக்க மலர்ந்த சாடி ஒன்று ஆயத்தமாக இருக்கும். அக்காலம் இயற்கையாகவே இரவு நீளும் பருவமாதலும் ஓர் அனுகூலமாகும்.

மலர்கள் வாடியபின், பூத்தண்டை அதற்குக் கீழுள்ள முதற் சோடி இலைகளுக்குச் சற்று மேலாக நறுக்கிவிட வேண்டும். பின்னர் ஒரு மாதம் நீரைக் குறைத்து ஓய்வு கொடுத்து, புது மண்ணில் மாற்றி நட்டு, வளரும் நுனிகளைக் கிள்ளிவிட்டால், பக்கக் கிளைகள் விட்டுச் செடி அடர்த்தியாகும். நறுக்கிய இளங்கிளைகளும் வீண்போவதில்லை. மூன்று அங்குல நீளத் துண்டு ஒன்றை எடுத்து, கீழிலைகளை நீக்கி, வெட்டுவாய் காயும்படி ஓரிரு நாள் நிழலில் வைத்த பின் மணல் கலந்த மண்ணில் ஊன்றினால், இரண்டு மூன்று வாரங்களில் வேர் பிடிக்கும். வெட்டியவுடன் ஈரமண்ணில் நட்டால் வெட்டுவாய் அழுகிவிடும். முதிர்ந்து தண்டு மரத்துப்போன செடியைக் காட்டிலும் இவ்வாறு பெற்ற இளஞ்செடிகளே அடுத்த பருவத்தில் நன்கு பூக்கும்.

நோய்களுள் மாவுப்பூச்சி முக்கியமானது. இலைக்கணுக்களில் பஞ்சு ஒட்டினாற்போல் அது காணப்படும். மதுசாரத்தில் தோய்த்த பஞ்சினால் ஒற்றியெடுத்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்த்தால் அது அடங்கிவிடும். பூந்தண்டுகளில் மொய்க்கும் அழுக்கணவனை நீரால் கழுவி அகற்றலாம். இலைமேல் சாம்பல் பூத்தாற்போல் பூஞ்சணம் படருமாயின், காற்றோட்டம் குறைவு என்பதே பொருள். செடிகளை நெருக்கி வைக்காது இடைவெளி விடுவதே அதற்கு முதல் மருந்து.

இன்னும் ஓர் எச்சரிக்கை. கலங்கோயே இனங்களில் இதயத்தைத் தாக்கும் நச்சுப் பொருள்கள் உண்டு. மலர்களில் அவை சிறப்பாகச் செறிந்துள்ளன. ஆடு, மாடு, நாய், பூனை ஆகியவை இதனைத் தின்றால் நோயுறும். மிகுதியாகத் தின்றால் இறக்கவும் கூடும். ஆகவே நறுக்கிய பூத்தண்டுகளை ஆட்டுக்குப் போடும் குழையோடு கலந்துவிடாமற் பார்த்துக்கொள்ள வேண்டும். தவழும் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் சாடியை வைத்தலும் அவசியம்.

ஓராண்டு பூத்து ஓய்ந்த கலங்கோயே இன்று பல வீடுகளில் சமையலறைப் பின்புறத்திலோ கிணற்றடியிலோ எறியப்படுவதற்காகக் காத்து நிற்கின்றது. அதன் தண்டு உறுதியாகவும் இலைகள் பசுமையாகவும் இருக்குமாயின், அச்செடிக்கு நோயொன்றுமில்லை. புதிதாக வேறொன்று வாங்குமுன், கடையிற் கேட்டாலே கிடைக்கும் ஒரு வெறும் மட்டைப் பெட்டியைக் கொண்டு அதற்கு ஆறு வார இரவைக் கொடுத்துப் பார்த்தல் தகும்.